புல்லட்டைச் சுமக்கும் வண்டி

புல்லட் தன் முதல் 2,200 கிலோமீட்டரை ஓடாமலேயே கடக்கிறது. ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ தொழிற்சாலைக் கதவைத் தாண்டும்போது அதன் மீட்டரில் சோதனை ஓட்டத்தின் சில கிலோமீட்டர்தான் பதிவாகியிருக்கும். டெல்லி கரோல் பாக்கில் வந்து நிற்கும்போதும் ஏறக்குறைய அதே எண்தான். நடுவில் எட்டு மாநிலங்களை அது தாண்டிவந்தது இன்னொரு வண்டியின் வயிற்றுக்குள். அந்த இன்னொரு வண்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புல்லட்டுக்கு ரசிகர் மன்றமே உண்டு. அதைச் சுமந்துவந்த வண்டியின் பாடி எத்தனை அடி என்று கேட்டால் விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கோ தொழிலே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச். 1949இல் இந்தியாவுக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கென்று இந்திய ராணுவம் 800 வண்டிகள் கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் உதிரிகளை இறக்கிப் பூட்டினார்கள். 1962 வாக்கில் பாகங்கள் முழுக்க இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் மூடியது, திருவொற்றியூர் தொடர்ந்தது. 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தபின் 2013இல் ஒரகடம், 2017இல் வல்லம் வடகால் என்று ஆலைகள் பெருகின. இவ்வளவும் எங்கும் படிக்கக் கிடைப்பது. இனி ஆலை வாசலுக்கு வெளியே வருவோம்.

வெளியே வரிசையாக நிற்பவை மூடிய கேரியர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: வெள்ளைத் தகரம் போர்த்திய நீளப் பெட்டிகள், பின்கதவில் சாய்தள ஏணி, உள்ளே இரண்டு அடுக்கு. பைக்கை ஏணி வழியே உருட்டி ஏற்றுவார்கள். முன்சக்கரம் தரையில் பதித்த இரும்புத் தடத்துக்குள் போகும். ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்து, முன் ஷாக் பாதி அமுங்கும்வரை முறுக்குவார்கள். அந்த அமுக்கம் குறைந்தால் வண்டி ஆடும், கூடினால் ஷாக்கின் சீல் கெடும். பெட்ரோல் டேங்கில் பேருக்குத்தான் எண்ணெய். கண்ணாடிகள் கழற்றித் தனிப் பெட்டியில். ஒரு ஸ்ப்ளெண்டரை இரண்டு பேர் தூக்கி நகர்த்திவிடலாம். புல்லட் 350 ஏறக்குறைய 195 கிலோ; மேல் அடுக்குக்கு ஏற்றும்போது ஏணியில் கால் வழுக்கினால் ஆளுக்கும் ஆபத்து, வண்டிக்கும் ஆபத்து.

இந்த 195 கிலோ என்ற எண்ணை வைத்துக்கொண்டு கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு வண்டி மட்டும் வைத்து, அதைத் தானே ஓட்டும் ஒருவர் புது வண்டி வாங்கப் போகும்போது அவர் மனதில் ஓடுவதும் இந்தக் கணக்குதான்.

ஒரு லாரி சட்டப்படி எவ்வளவு எடை தாங்கலாம் என்பதை ஆக்ஸில்தான் முடிவு செய்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அளவுகளை உயர்த்தியது. முன் ஆக்ஸிலுக்கு 7 டன், நான்கு டயர் போட்ட ஒற்றைப் பின் ஆக்ஸிலுக்கு 11.5, இரட்டை ஆக்ஸிலுக்கு 21, மூன்று ஆக்ஸில் சேர்ந்த தொகுதிக்கு 27. ஆறு சக்கர லாரி என்றால் 7உம் 11.5உம் சேர்ந்து 18.5 டன். நம் ஊரில் டாரஸ் என்று அழைக்கும் பத்துச் சக்கர வண்டி 28.5. இரண்டு ஆக்ஸிலுள்ள இழுவை வண்டியின் பின்னால் மூன்று ஆக்ஸில் ட்ரெய்லர் கோத்தால் 45.5. இழுவை வண்டியிலும் பின்னால் இரட்டை ஆக்ஸில் இருந்தால் 55, உச்சவரம்பு அதுதான். இவையெல்லாம் வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை.

இப்போது புல்லட்டை ஏற்றிப் பாருங்கள். 32 அடிப் பெட்டியில் ஒரு அடுக்குக்கு எவ்வளவு நெருக்கினாலும் இருபது புல்லட்டுக்கு மேல் நிறுத்துவது கஷ்டம். இரண்டு அடுக்குக்கு நாற்பது. நாற்பது புல்லட் 7.8 டன். ஆறு சக்கர வண்டியே இதைத் தாங்கிவிடும். பத்துச் சக்கரம் வாங்கினால் கூடுதல் டயர் நான்கும் வெறும் தேய்மானம். சுங்கச்சாவடியில் ஆக்ஸிலை எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள், ஆகவே அதுவும் தண்டம். இரும்பு ஏற்றுகிறவர் காசு கொடுத்து ஆக்ஸிலை வாங்குகிறார். பைக் ஏற்றுகிறவர் நீளத்தை வாங்குகிறார். ஒரே சேஸிஸில் கட்டிய லாரி 12 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் இழுவை வண்டியும் ட்ரெய்லரும்தான். அங்கே 18 மீட்டர் சொச்சம் வரை போகலாம்.

நீளம் மட்டுமல்ல, உயரமும் ட்ரெய்லர் பக்கமே சாய்கிறது. சாதாரண லாரியின் தளம் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் கண்ணாடி கழற்றிய புல்லட் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நின்றாலே, நாலு மீட்டர் வாக்கில் நிற்கும் சட்ட உயரம் தீர்ந்துபோகும். ட்ரெய்லரில் தளத்தைச் சக்கரங்களுக்கு நடுவே தாழ இறக்கிக் கட்டலாம். மூன்று அடுக்கு வரை பைக் ஏற்றலாம் என்று, பெட்டி டிரைவர் கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு முன் விதியைத் திருத்த முனைந்ததும் இந்த இடக் கணக்கை வைத்துத்தான்.

ஆக, காகிதத்தில் பார்த்தால் பைக் ஏற்ற ட்ரெய்லரே சரி. ஆனால் லாரிக்காரர்கள் காகிதத்தைப் பார்த்து வண்டி எடுப்பதில்லை. புரோக்கர் ஆபீசில் டெல்லிக்கு லோடு இருக்கிறது என்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல. ரிட்டன் என்ன என்பது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி டெல்லிக்குப் போக 550 லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே ஐம்பதாயிரம் அதற்கே போய்விடும். டோல், படி, டயர், மாதத் தவணை எல்லாம் தனி. காலியாகத் திரும்பினால் போகும்போது கிடைத்த லாபத்தை வரும் வழியே தின்றுவிடும். ஆகவே எந்த பாடி கட்டுவது என்ற முடிவு, போகிற சரக்கைப் பொறுத்ததைவிட வருகிற சரக்கைப் பொறுத்தது.

திறந்த பாடி கட்டியவருக்கு இந்தக் கவலை குறைவு. தார்ப்பாயும் கயிறும் இருந்தால் போதும். போகும்போது தேங்காய், வரும்போது ஆக்ரா உருளைக்கிழங்கோ ஆசாத்பூர் ஆப்பிளோ ஹரியானா அரிசியோ. ராஜஸ்தான் பக்கம் ஒதுங்கினால் கிஷன்கர் மார்பிள். வாடகை குறைவு, சுமை கடுமை, மழையில் சரக்கு நனைந்தால் வம்பு. ஆனால் எந்த ஊரிலும் எந்தக் கடை வாசலிலும் லோடு கேட்கலாம். சாதாரண மூடிய கன்டெய்னர் பாடி அடுத்த படி. திருப்பூர் பனியன், சோப்பு, பிஸ்கட், ஆன்லைன் கம்பெனிகளின் பார்சல் என்று எடை குறைந்து இடம் அடைக்கும் சரக்குக்கு அது ஏற்றது. உருளைக்கிழங்கு வியாபாரி அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பைக் கேரியர் இந்த வரிசையின் கடைசி. உள்ளே அடுக்கும் தடமும் பற்றவைத்தபின் அதில் பைக் தவிர வேறெதையும் ஏற்ற முடியாது.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைக்கு வரும் சேஸிஸ் வெறும் எலும்புக்கூடுதான். அங்கே எடுக்கும் முடிவை மாற்ற வேண்டுமானால் பின்னால் லட்சக்கணக்கில் செலவாகும். முன்பெல்லாம் முன்முகம் மட்டும் வைத்த சேஸிஸை வாங்கி, கேபினையும் பட்டறையிலேயே மரத்தில் இழைத்துக் கட்டுவார்கள். டிரைவரின் தலைமாட்டுப் பலகையிலிருந்து சாமி படம் வைக்கும் மாடம் வரை கேட்டபடி அமையும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக, நடுத்தர லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். அந்த விதியோடு, கேபினைத் தொழிற்சாலையிலேயே முடித்து வாங்கும் பழக்கம் இன்னும் வலுப்படும். நாக்பூர் வெயிலில் வண்டி ஓட்டியவர் யாரும் ஏசியைக் குறை சொல்ல மாட்டார். நாமக்கல் தச்சர்களை நினைத்தால் மட்டும் மனம் ஒப்பவில்லை.

கேரியர் புறப்படுகிறது. நெல்லூர், ஹைதராபாத், நாக்பூர் என்று ஏறி, 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் நேராக வடக்கே. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாதையின் பெரும்பகுதி நேரம் மாநில எல்லைகளில் கழிந்தது. விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் காகிதக் கட்டோடு வரிசையில் நிற்பது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்தச் சாவடிகள் மறைந்தன. 2018 ஏப்ரலிலிருந்து இ-வே பில். நாளுக்கு 200 கிலோமீட்டர் என்று அதன் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். சென்னை–டெல்லிக்கு 11 நாள் கிடைக்கும், நடுவில் வண்டி படுத்துக்கொண்டாலும் சமாளிக்கலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. மத்தியப் பிரதேசத்தின் ஆர்டிஓ சாவடிகள் மட்டும் நெடுநாள் நிலைத்திருந்தன. அவை 2024 ஜூலையில்தான் மூடப்பட்டன. அங்கே நடந்ததைப் பற்றி லாரிக்காரர்களிடம் கேட்டால் மதியம் முழுக்கப் பேசுவார்கள். நாக்பூருக்கும் சிவ்னிக்கும் நடுவே பென்ச் காட்டில் சாலையைத் தூக்கிக் கட்டி, கீழே புலிக்கும் மானுக்கும் வழி விட்டிருக்கிறார்கள். மேலே நாற்பது புல்லட் போகிறது. கீழே போகிறவர்களுக்கு அது தெரியாது.

டெல்லியை நெருங்கும்போது நீளம் பாரமாகிறது. பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் இடமில்லை. இரவு பதினொன்றுக்கு மேல்தான் கதவு திறக்கும். நுழையும் லாரிகளுக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. மூன்று ஆக்ஸிலும் அதற்கு மேலும் உள்ள லாரிக்கு முதலில் 1,300 ரூபாய். அதே டிசம்பரில் அது 2,600 ஆனது. 2025 நவம்பரிலிருந்து வெளி மாநிலப் பதிவுள்ள பழைய பிஎஸ்-3 புகைத் தரமுள்ள சரக்கு வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. அப்படிப்பட்ட பழைய கேரியரை இரண்டாம் கையாக வாங்க நினைப்பவர் டெல்லி லோடை மறந்துவிட வேண்டியதுதான். கரோல் பாக் வரை எந்தக் கேரியரும் போவதில்லை, போகவும் முடியாது. புறநகர்க் கிடங்கில் கேரியர் நிற்கும்; பெல்ட்டுகள் தளர்த்தப்படும்; புல்லட் ஒவ்வொன்றாக ஏணியில் பின்னோக்கி இறங்கும். அங்கிருந்து டாட்டா ஏஸ். டெல்லியில் சோட்டா ஹாத்தி என்பார்கள், குட்டி யானை. இரண்டு மூன்று புல்லட்டைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் கயிறு கட்டினால் யானை நிறைந்துவிடும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பெல்ட்டும் இரும்புத் தடமுமாகப் பாதுகாக்கப்பட்ட வண்டிக்குக் கீறல் விழுகிறதென்றால் பெரும்பாலும் இந்தக் கடைசி இருபது கிலோமீட்டரில்தான்.

கரோல் பாக் பழைய டெல்லித் தமிழர்களுக்குத் தெரிந்த பேட்டை. மத்திய அரசு வேலைக்கு வந்த குடும்பங்கள் ஒருகாலத்தில் இங்கே நெருக்கமாக வாழ்ந்தன. பக்கத்தில் பூசா சாலையில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் இருக்கிறது. 1947க்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்தத் தெருக்களைக் கடைத்தெருக்களாக்கினார்கள். காருக்குக் காஷ்மீரி கேட் என்றால் இரு சக்கர வண்டிக்குக் கரோல் பாக். நாயிவாலாவிலும் ஹரி சிங் நல்வா தெருவிலும் நுழைந்தால் நடைபாதை முழுக்க சைலன்சர், இருக்கை, கிராஷ் கார்டு, பெட்ரோல் டேங்க். சென்னையில் ஒரே அச்சில் வார்த்த புல்லட் இங்கே வந்து ஆளுக்கொரு வேடம் போடுகிறது. லடாக் போகிறவர்கள் வாடகைக்கு எடுக்கவும், பக்கவாட்டில் பெட்டி மாட்டவும், மலைக்கு முன் ஒரு தடவை இன்ஜினைத் திறந்து பார்க்கவும் வருவது இங்கேதான். மே மாதத்தில் போனால் மெக்கானிக் தலை நிமிர மாட்டார். 

காலியான கேரியர் என்ன ஆயிற்று? அது பல்வல் பக்கம் திரும்பி, மேற்குப் புறவழி விரைவுச்சாலை ஏறி மானேசர் போகும். அங்கே ஹோண்டா; சுற்றுவட்டாரத்தில் குர்கானிலும் தாருஹேராவிலும் ஹீரோ, குர்கானிலேயே சுசுகி. வடக்கே செய்யும் பைக் தெற்கே வருகிறது, தெற்கே செய்யும் பைக் வடக்கே போகிறது. இரண்டு முனையிலும் ஆலை இருப்பதால் ரிட்டன் கேள்விக்கு பைக் கேரியர்போல் அழகான பதில் சொல்லும் பாடி வேறில்லை. சரக்கு சுத்தம், ஏற்றுகூலித் தகராறு குறைவு, தார்ப்பாய் வேலை இல்லை.

அழகான இந்தப் பதிலை நம்பி ஒற்றை வண்டிக்காரர் இறங்கலாமா? நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பைக் கம்பெனிகள் ஒரு லாரியோடு ஒப்பந்தம் போடுவதில்லை. நூற்றுக்கணக்கில் வண்டி வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனத்தோடு போடுகின்றன. ஒற்றை வண்டிக்காரர் அந்த நிறுவனத்தில் தன் வண்டியை அட்டாச் செய்துகொள்ள வேண்டும். லோடு கொடுப்பதும் வரிசையில் நிறுத்துவதும் அவர்கள். நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் முன்னால் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் கேரியர், விற்பனை மந்தமான மாதங்களில் யார்டில் வெயில் காயும். அப்போது வெங்காயம் ஏற்றலாம் என்றால் உள்ளே இரும்புத் தடம். பில் போட்டுப் பணம் வர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். பெரிய நிறுவனம் இந்த மந்தத்தை மற்ற வண்டிகளின் லாபத்தில் கரைத்துக்கொள்ளும். ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு மற்ற வண்டி ஏது?

நாமக்கல்லுக்கு இது புதிதல்ல. அந்த ஊரின் பெருமைகளில் ஒன்று சமையல் எரிவாயு டேங்கர்கள். டேங்கரிலும் எரிவாயு தவிர வேறெதுவும் ஏற்ற முடியாது. எண்ணெய் நிறுவனங்களின் டெண்டரே அதன் ஒரே வாசல். 2025 மார்ச் கடைசியில் புதிய டெண்டர் விதிகளை எதிர்த்து தென்மண்டல டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் வைத்து, ஆயிரக்கணக்கில் சேர்ந்து நின்றதால் பேச முடிந்தது. யார்டில் தனியாக நிற்கும் பைக் கேரியர்க்காரர் யாரோடு சேர்ந்து நிற்பார்?

போதாக்குறைக்கு ரயிலும் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற பயணிப் பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, கடைசியில் கதவு வைத்து வாகனம் ஏற்றும் பெட்டிகளாக மாற்றுகிறார்கள். 2013–14இல் ஆலையிலிருந்து வெளியேறிய கார்களில் நூற்றுக்கு இரண்டுகூட ரயிலேறவில்லை. இப்போது நான்கில் ஒன்றை நெருங்குகிறது. கார் போன வழியில் பைக்கும் போகத் தொடங்கிவிட்டது. சென்னை–டெல்லி போன்ற நெடுந்தூரத்தில்தான் ரயிலுக்கு லாபம் அதிகம்; கேரியர்க்காரருக்கும் அதே தூரத்தில்தான் லாபம். சந்தையில் எதையும் ஏற்றக்கூடிய 32 அடிச் சாதாரண கன்டெய்னரோ, தார்ப்பாய் போட்ட திறந்த பாடியோ வைத்திருப்பவரை இந்த ரயில் அவ்வளவாகத் தொடாது. காசு குறைவு, முதுகுவலி அதிகம், ஆனாலும் அடுத்த லோடுக்கு யாரிடம் போய் நிற்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். கேரியர் ஆசை விடவில்லையென்றால் ஐந்து வருட ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போகட்டும்.

புல்லட்டின் கதை கரோல் பாக்கோடு முடிவதில்லை. டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இல் அந்தக் கெடுபிடி இறுகித் தளர்ந்து மறுபடி இறுகியது. ராணுவப் பச்சை அடித்த, வலது காலால் கியர் மாற்றும் பழைய புல்லட்டுகளுக்கு டெல்லியில் வாழ்வில்லை. தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலம் போனால் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினின் தாளத்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது.

அதைக் கொண்டுவர எந்தக் கேரியரும் வராது. ஒற்றைப் பழைய பைக்குக்கு ஆலை ஒப்பந்தமும் இல்லை, இரும்புத் தடமும் இல்லை. பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் போடலாம். அல்லது வடமேற்கு டெல்லியில் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் புக்கிங் ஆபீசில் விட்டுவிடலாம். சென்னைக்கோ சேலத்துக்கோ லோடு பிடித்துவிட்டு, பின்பக்கம் நாலடி இடம் மிச்சம் வைத்திருக்கும் திறந்த பாடி லாரி ஒன்று அங்கே நின்றுகொண்டிருக்கும். வாடகை பேசும்போது புல்லட்டின் எடையை யாரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு இடம் அடைக்கும் என்று கிளீனர் கையை விரித்து அளப்பார். அரிசி மூட்டையைத் தள்ளி வைத்து, வைக்கோலும் பழைய டியூபும் செருகி, ஹேண்டிலைத் திருப்பிக் கயிறு கட்டுவார். டிரைவர் அதற்குத் தனியாக ஒரு தொகை சொல்வார். டீசலுக்கு அது ஆகாது, வழிச் சாப்பாட்டுக்கு ஆகும்.